ஏழாம் மாடியில் இரண்டு ஜன்னல்

கணவர் இறந்துபோய் இரண்டு மாதமாகியும், பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல மூன்றாம் வகுப்பு டீச்சரின் மனது மரத்தே கிடந்தது. காலையில் சாமி கும்பிடுவாள். உதடு மட்டும் அசையும். அக்கா போனில், "சாப்பிட்டியாடி?" என்று கேட்டால், "ம்" என்பாள். சாப்பிட்டோமா என்பது அவளுக்கே நினைவிருக்காது.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க பிள்ளைங்க வாய்ப்பாட்டுல ரொம்பப் பின்தங்கிட்டாங்க. வெள்ளிக்கிழமை நானே வந்து கேட்பேன். பதில் வரலன்னா வகுப்பை வேற டீச்சர்கிட்ட கொடுத்துட்டு, நீங்க கொஞ்ச நாள் நூலகத்துல இருங்க. தண்டனைன்னு நினைக்காதீங்கம்மா."

டீச்சர் தலையாட்டினாள். இந்த வகுப்பும் போய்விட்டால், நாள் முழுக்கத் தன்னைக் கூப்பிட ஒரு குரல்கூட இருக்காது. அது புரிந்தது. ஆனால் பயம் வரவில்லை.

மறுநாள் பிள்ளைகளைச் செருப்புப் பெட்டி கொண்டுவரச் சொன்னாள். ஒவ்வொரு பெட்டியும் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். மஞ்சள் காகிதச் சதுரங்கள் ஜன்னல்கள். எல்லா மாடிக்கும் ஒரே எண்ணிக்கையில் ஜன்னல் ஒட்ட வேண்டும். மாடியை ஜன்னலால் பெருக்கினால் மொத்தம்.

"மேல்மாடியில மட்டும் ஏன்டா ஒரு ஜன்னல் அதிகமா இருக்கு?" என்று ஒரு பையனிடம் கேட்டாள்.

"எங்க வீட்டு மாடியில காத்தே வராது டீச்சர்!"

"கீழ இருக்கிறவங்க மட்டும் மூச்சு விட வேண்டாமா? எல்லாருக்கும் ஒண்ணு ஒட்டு."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எல்லா மாடிக்கும் ஒட்டினான். வியாழன் மாலைக்குள் ஜன்னல் வரிசையிலேயே முழு வகுப்புக்கும் வாய்ப்பாடு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் கரும்பலகையில் தேதி எழுதினாள். இருபத்தாறு. கணவர் போனதும் ஓர் இருபத்தாறாம் தேதிதான். அதன் கீழே கட்டடங்களின் கணக்கை வரிசையாக எழுதிக்கொண்டே வந்தாள். குண்டூசியின் கட்டடம்: ஏழு மாடி, மாடிக்கு நாலு ஜன்னல். மொத்தம் என்ற இடத்தில் கை தானாக 26 என்று எழுதியது.

குண்டூசி என்பது வகுப்பு வைத்த பெயர். ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கென்று குத்தும். அவள் பக்கத்தில் இருந்தவளை இடித்தாள்.

"தப்புடி. சொல்லிடட்டுமா?"

"வேணாம்டி. போன வாரம் ஒரு தப்பைச் சுட்டிக்காட்டினப்ப, டீச்சர் எவ்வளவு நேரம் போர்டையே பார்த்துட்டு நின்னாங்க!"

குண்டூசி யோசித்தாள். பிறகு தன் ஏழாம் மாடியிலிருந்து இரண்டு ஜன்னல்களை நகத்தால் உரித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இப்போது கட்டடத்திலும் இருபத்தாறு.

தலைமை ஆசிரியை வந்தார். பலகையைப் படித்தார். குண்டூசியின் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"இங்க ரெண்டு ஜன்னல் எங்கம்மா? கோந்துத் தடம் இருக்கே?"

"வச்சது போதும்னு எடுத்துட்டேன் மிஸ்."

"சரி. நாலேழு எத்தனை?"

குண்டூசி வாயைத் திறக்கவில்லை. வகுப்பே வாயை மூடிக்கொண்டது. முப்பது ஜோடிக் கண்களும் டீச்சரைப் பார்த்தன.

"ஒருத்தருக்குமே தெரியாதா?" தலைமை ஆசிரியை பெருமூச்சு விட்டார்.

டீச்சர் பலகையைப் பார்த்தாள், கோந்துத் தடத்தைப் பார்த்தாள். தன்னைக் காப்பாற்றத்தான் இந்தக் குழந்தைகள் தெரியாதவர்களாக நிற்கிறார்கள் என்று விளங்கியது. அந்த அன்பை வாங்கிக்கொள்ளலாம்; பொய்யை வாங்கிக்கொள்ளக் கூடாது.

"தப்பு என்னோடதுதான் மிஸ். நான் தப்பா எழுதிட்டேன். என் மானத்தைக் காப்பாத்தத்தான் இவ ஜன்னலை உரிச்சிருக்கா." பிள்ளைகளிடம் திரும்பினாள். "எனக்கு ஒண்ணும் ஆகாது. சத்தமா சொல்லுங்க."

"இருபத்தெட்டு!"

பிறகு ஆறாம் வாய்ப்பாடு, எட்டாம் வாய்ப்பாடு. கேட்கக் கேட்கப் பதில் வந்தது. தலைமை ஆசிரியை வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வாய்ப்பாடு கேட்பேன். நீங்களே சொல்லிக்கொடுங்க."

குண்டூசி பைக்குள்ளிருந்து கசங்கிய இரண்டு ஜன்னல்களை எடுத்து நீட்டினாள். டீச்சர் அவற்றைத் திரும்ப ஒட்ட விரலால் கோந்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவளுக்கு அது தெரிந்தது. அன்று காலை அவள் கடவுளிடம் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்காதவர்களையும் அவர் மறப்பதில்லை.

"டீச்சர், கோணலா ஒட்டுறீங்க."

"நீதானடி உரிச்ச? பிடி, நேரா பிடி."