இயந்திரம் கற்றுக்கொண்ட கை

"இந்தத் தொட்டி மூச்சு விடறது உனக்குத் தெரியுதா?"

வேலைக்குச் சேர்ந்த அன்று இன்ஜினியர் ஹுமா இப்படிக் கேட்டபோது வினோலியா தலை குனிந்துகொண்டாள். முன்னால் பெரிய எஃகுத் தொட்டி. உள்ளே உயிர் உரத்துக்கான நுண்ணுயிர்கள். ஹுமா திரையில் ஆக்சிஜன் கோட்டைக் காட்டினாள். சர்க்கரைப் பாகு விழுந்ததும் கோடு சரிந்தது. தின்று தீர்த்ததும் ஏறியது. கண்ணுக்கே தெரியாத கோடானுகோடி உயிர்கள் மூச்சு வாங்குவதை வினோலியா வாய் பிளந்து பார்த்தாள்.

ஆக்சிஜன் அளக்கும் சென்சாரைக் கழுவுவது அவள் வேலை. சில மாதங்களிலேயே அந்த வேலைக்கு ஆபத்து வந்தது. ஷிஃப்ட் மாறும் நேரமாகப் பார்த்துத் தொட்டி நுரைத்துப் பொங்கி, உரம் வீணாகிக்கொண்டிருந்தது.

"பொண்ணு சென்சாரை ஒழுங்கா கழுவறதில்லீங்க. அது தப்பாக் காட்டுது, பாகு கூடுதலா விழுந்துடுது. கனாக் கண்டுகினு நிக்குது" என்று ஆபரேட்டர் கிளமென்ட் முதலாளியிடம் சொல்லிவிட்டார். இன்னொரு முறை பொங்கினால் அவளை நிறுத்திவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

மறுநாள் சென்சாரை ஹுமாவே கழுவிப் பொருத்தினாள். பழைய பதிவுகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்ட கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றிடம், அதுவரை ஆபரேட்டர்கள் கையால் திறந்து மூடிய பாகு வால்வை ஒப்படைத்தாள்.

"கேன்டீன் டோக்கனையும் அதுக்கே குடுத்துடுங்க மேடம்" என்றார் கிளமென்ட்.

காலை முழுக்க, கோடு ஏறத் தொடங்கும்போதே வால்வு சொட்டுச் சொட்டாகத் திறந்தது. பிள்ளை அழுமுன்னே விழித்துக்கொள்ளும் தாய் மாதிரி இருந்தது வினோலியாவுக்கு.

ஷிஃப்ட் முடியும் சங்கு ஊதச் சற்று முன்பு கோடு ஏறாமல் கீழேயே கிடந்தது. பசியே இல்லை. ஆனாலும் வால்வு முழுதாகத் திறந்துகொண்டது. ஹுமா ஓடிப்போய்க் கையால் மூடினாள்.

"இதை யாரு மேடம் சொல்லிக் குடுத்தா?" வினோலியா கேட்டாள்.

"யாரும் சொல்லல. பாத்துக் கத்துக்கிச்சு." ஹுமா பழைய பதிவுகளை விரித்தாள். கிளமென்ட் பார்த்த ஒவ்வொரு ஷிஃப்ட்டின் முடிவிலும் அதே திறப்பு. "இத்தனை நாள் என் கண்ணுலயும் படல. ஏண்ணே இப்படி?"

கிளமென்ட் நெற்றியைத் தேய்த்தார். "தெர்மல் பவர் ஸ்டேஷன்ல கான்ட்ராக்ட்ல இருந்தப்போ, கரி கொட்டுற பங்கர் தொட்டியை நிறைய ரொப்பிட்டுதான் அடுத்த ஷிஃப்ட்டுகிட்ட குடுப்போம். வர்றவன் திட்டக்கூடாதுல்ல. அந்தப் பழக்கம்."

"கரி சும்மா கிடக்கும்ணே. இதுங்க கிடைச்சதையெல்லாம் தின்னுட்டுப் பொங்கும்."

ஹுமா முதலாளிக்குப் போன் செய்தாள். "சென்சார்ல கோளாறு இல்ல சார். வினோலியா இருக்கட்டும்."

வினோலியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் வால்வை விட்டுக் கண் அகலவில்லை. ஒரு மனிதரின் கைப்பழக்கத்தை, கண்ணில்லாத ஒன்று மாதக்கணக்கான பதிவுகளிலிருந்து கற்றிருக்கிறது. தப்பென்று தெரியாமல் அப்படியே செய்தும் காட்டியிருக்கிறது.

சங்கு ஊதியது. கிளமென்ட் ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தன் வலக்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு வினோலியாவைத் தாண்டி, பஸ் நிற்கும் பக்கம் நடந்து போனார்.