காருக்கும் சுவருக்கும் நடுவில்

பம்பரில் முதல் துளை விழுந்தபோது, தன் விலாவிலேயே டிரில் இறங்கியதுபோல் அப்பா "ஸ்ஸ்" என்றார். நான் நிறுத்தவில்லை. கறுப்புப் பிளாஸ்டிக் சுருள் சுருளாக என் கால்விரல்களின் மேல் விழுந்தது.

"பட்டம் வாங்கினது பொருளாதாரத்துல. ஓட்டை போடுறதை எந்த வருஷம் சொல்லிக்குடுத்தாங்க, வக்கீலம்மா?"

எதிர்த்துப் பேசுகிறேன் என்று சின்ன வயதிலேயே எனக்கு அவர் வைத்த பெயர் அது. பல்கலைக்கழகம் தந்த பட்டத்தைவிட இந்த வீட்டில் அதற்குத்தான் செல்வாக்கு.

"கடைசி வருஷம்," என்றேன்.

அப்பா லாரி ஓட்டியவர். லாரி பின்னால் வரும்போது கிளீனர் இறங்கி நின்று பலகையில் தட்டுவார். விட்டுவிட்டுத் தட்டினால் வரலாம், சேர்ந்தாற்போல் இரண்டு தட்டு என்றால் நில். லாரியை விட்டு இறங்கி இந்தப் பழைய காரை வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் அவரை விட்டு இறங்கவில்லை. கழுத்தும் இப்போது திரும்புவதில்லை. வாசலுக்கு வந்து இரண்டு ஹாரன் அடிப்பார். அம்மா தலைக்குக் குளித்து ஈரம் சொட்ட நின்றாலும், அடுப்பைத் தணித்துவிட்டு ஓடிவந்து காருக்கும் சுவருக்கும் நடுவில் நிற்பாள். தட்டு, தட்டு, பிறகு இரண்டு தட்டு. அவள் சாய்ந்து சாய்ந்து சுவரில் இடுப்பு உயரத்தில் வெள்ளை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. "லாரியில கிளீனருக்காவது சம்பளம் உண்டு," என்று ஒருநாள் சொன்னேன். அம்மாதான் சிரித்தாள். அப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

போன வாரம் வினை வந்ததும் அந்த ரேடியோவால்தான். அம்மா தட்டியது அவருக்குக் கேட்கவில்லை. கட்டிலில் இடித்துக்கொண்டதாகச் சொல்லி முழங்காலில் தைலம் தடவிக்கொண்டிருந்தாள். கட்டிலில் இடித்தால் ஒரு பக்கம்தான் கன்றும். அவளுக்கு முன்னால் நீலம், பின்னால் சுவர் உரசிய சிராய்ப்பு. பிடித்து உலுக்கியதில் உண்மை வந்தது: கார் அவள் காலைச் சுவரோடு நெருக்கியிருக்கிறது, அப்பாவுக்கு அது தெரியவே இல்லை.

"அவர்கிட்ட சொல்லித் தொலைக்காத. அப்புறம் காரைத் தொடவே பயப்படுவார்."

இவளுடைய எலும்பைவிட அவருடைய தைரியம் முக்கியம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சொல்லவில்லை. பின்னால் எதையாவது நெருங்கினால் கத்தும் சென்சார் பெட்டியை வாங்கிவந்தேன்.

நான்கு துளைகள், நான்கு சென்சார்கள், ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிது. டிக்கியின் விரிப்புக்கு அடியில் ஒயர்களை இழுத்து, ரிவர்ஸ் விளக்கின் ஒயரோடு சேர்த்து டேப் சுற்றினேன். அப்பா ஏறி ரிவர்ஸ் கியர் போட்டார். பின்னால் காலி வாசல், ஈ காக்கா இல்லை. பெட்டி விடாமல் அலறியது.

"பரவால்ல, உன்ன மாதிரியே இருக்கு. ஒண்ணுமே இல்லாததுக்குக் கத்துது."

குனிந்து பார்த்தேன். ஒன்றின் முதுகில் மேல்நோக்கி இருக்கவேண்டிய அம்புக்குறி கீழ்நோக்கி இருந்தது. தரையைப் பார்த்துக் கத்தியிருக்கிறது. கழற்றித் திருப்பி மாட்டியதும் அடங்கிப்போனது.

சோதித்துப் பார்க்க வேண்டும். பின்னால் ஏதாவது நிற்க வேண்டும். யோசிக்கவேயில்லை, வாய் தானாகத் திறந்தது.

"அம்மா, வந்து பின்னாடி நில்லேன்."

கையை முந்தானையில் துடைத்தபடி அவளும் வந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. காலை லேசாக இழுத்து நடந்துபோய், சுவரின் அந்த வழவழப்பில் பொருந்தி நின்றாள். அப்போதுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. அதற்குள் கார் நகர்ந்துவிட்டது.

பீப். பீப். பீப்பீப். சத்தம் நெருங்க நெருங்க அம்மா டிக்கியைத் தட்டக் கையைத் தூக்கவில்லை. இரண்டு கைகளாலும் முழங்காலை மூடிக்கொண்டு குனிந்தாள்.

கார் சடாரென்று நின்றது. அலறல் தொடங்கக்கூட இல்லை. பக்கக் கண்ணாடியில் அப்பாவின் கண்கள் மட்டும் தெரிந்தன. எஞ்சினை அணைத்தார்.

"கால்ல என்ன?"

"கட்டில்ல இடிச்சுக்கிட்டேங்க. போன வாரம்."

"போன வாரம்," என்றார் அப்பா. நாக்கின் நுனியில் எனக்கு ஆயிரம் இருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். விழுங்கிக்கொண்டேன்.

அப்பா இறங்கினார். பம்பரைப் பார்த்தார், அதன் உயரத்தைத் தன் முழங்காலோடு வைத்துப் பார்த்தார். உள்ளே போய் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்தார்.

"நீ தள்ளி நில்லு," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவள் நின்ற இடத்தில் அதைப் போட்டார். சுவரோடு ஒட்டி, நேராக இருக்கிறதா என்று ஒருமுறை அசைத்தும் பார்த்தார்.

காரை வெளியே தெருவரை எடுத்துப்போனார். எப்போதும்போல் இரண்டு ஹாரன் அடிப்பார் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. ரேடியோவும் பாடவில்லை. கார் பின்னால் வரத் தொடங்கியது. பெட்டியின் சத்தம் திறந்த ஜன்னல் வழியாக முதலில் மெதுவாகவும் பிறகு அவசரமாகவும் வந்தது.

அம்மா நிலைப்படியில் நின்றிருந்தாள். நாற்காலிக்கு ஒரு முழம் இருக்கும்போது அவளுடைய கை தானாக எழுந்து கதவில் இரண்டு முறை தட்டியது, மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. கார் அதற்கு முன்பே நின்றிருந்தது.