அக்கா பாத்துக்கிரும்

குனிந்த இடுப்பு நிமிர மாட்டேன் என்றது. உமையாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சித்திரையில் படுத்த அய்யாவைப் புரட்டி, துடைத்து, மூத்திரத் துணி அலசிய இடுப்பு. இன்று காலை அவரைக் கடைசியாகக் குளிப்பாட்டக் குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்ததும் அவள்தான்.

அவளைப் பெற்ற அய்யா உக்கிரபாண்டி தன் தாயார் பேரில் நடத்திய அறக்கட்டளை பெரிதொன்றுமில்லை. கொஞ்சம் நஞ்சை வருமானம். அதில் மகளிர் மன்றத்துக்குத் தையல் மிஷின், கபடிக் குழுவுக்குப் பனியன், கண்மாய்க் குழுவுக்கு மண்வெட்டி. ஊரில் குடியிருக்கும் வாரிசுதான் அதை நடத்த வேண்டும் என்று பத்திரம் எழுதியிருந்தார். ஊரில் இருந்தது கல்யாணமாகாத உமையாள் மட்டும். தம்பி மருதுபாண்டிக்குச் சென்னையில் வேலை.

மதுரையில் ஒரு பெண்கள் ஹாஸ்டலுக்கு வார்டனாக வரச் சொல்லியிருந்தார்கள். நாற்பது வயதுக்கு மேல் முதல் சம்பளம். அய்யா காலத்துக்குப் பிறகு கிளம்பிவிடுவேன் என்று தம்பியிடம் போனில் சொல்லியிருந்தாள். "சரிக்கா" என்றிருந்தான்.

பாடை தூக்குமுன் அந்த ஊரில் ஒரு கேள்வி உண்டு. செத்தவர் வாக்குக் கொடுத்து நிறைவேறாமல் ஏதும் நிற்கிறதா என்று சபையில் கேட்பார்கள். வாரிசு ஏற்ற பிறகுதான் தோள் கொடுப்பார்கள். சித்தப்பா ராக்கப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டார்.

"அண்ணன் சொல்லி நிக்கிறது இருந்தா இப்பவே சொல்லிருங்கப்பா. பெறகு சாம்பலக் கேக்க முடியாது."

மகளிர் மன்றத்து முருகம்மாள் மூக்கைத் துடைத்தாள். "மிஷினுக்கு மோட்டாரு போட்டுத் தாரேன்னாரு."

"கபடிக்கு ஷூ" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"ஏலே, தோத்துட்டு வாரதுக்கு ஷூ வேறயா?"

சிரிப்பு எழுந்தது. பாடையைப் பார்த்து அடங்கியது.

"யாரு ஏத்துக்கிறது?"

மருதுபாண்டி கொள்ளிச்சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அக்கா பாத்துக்கிரும்."

"தம்பி, ஒங்கிட்ட நான்…"

"பொணத்த வச்சுக்கிட்டு வேணாங்க்கா."

தூறல் விழுந்தது. தூக்க நின்றவர்கள் குனிந்தபடியே காத்திருந்தார்கள். கூட்டம் மொத்தமும் அவள் வாயைப் பார்த்தது. உமையாள் தலையை ஆட்டினாள்.

"வாயத் தொறந்து சொல்லும்மா. வானம் இருட்டிக்கிட்டு வருதுல்ல" என்றார் சித்தப்பா.

"பாத்துக்கிறேன்."

சங்கு முழங்கியது. பாடை எழுந்தது.

பெண்களுக்குத் தெருமுனை வரைதான். அங்கே கூலிக்காரர் சங்கத்துச் சின்னக்கருப்பன், சிதைக்கு விறகும் எருமுட்டையும் ஏற்றிய வண்டியைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தார்.

"ஒங்க சங்கத்துக்கு ஒண்ணும் நிக்கலையாண்ணே? சபையில வாயே தொறக்கலையே."

"இன்னைக்கு வேணாம் தாயி."

"எல்லாரும் சொல்லியாச்சு. நீங்களும் சொல்லிருங்க."

அவர் தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்தார். "எங்க சுடுகாட்டுக்குக் கூரை போட்டுத் தாரேன்னாரு. போன ஐப்பசியில எம்பொண்டாட்டி மழையில வேகாமக் கெடந்தப்பச் சொன்னது."

"எப்ப வேணும்?"

"என்ன அவசரம்? நீங்க இங்கனதான இருக்கப் போறீக. மெதுவாக் குடுங்க."

மாட்டைத் தட்டினார். வண்டி சேற்றில் இறங்கியது. மழைச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பி உரக்கச் சொன்னார்:

"தகரம் இருபது தாயி. பாக்கி."