ஒழுகாத குடுவை

ஜெர்மனியின் ஜீக்பூர்க் ஊரில் பழைய குயவர் தெரு என்பதற்காகவே லோதர் அந்த வீட்டை அதிக விலை கொடுத்து வாங்கினான். ஐந்நூறு வருடத்துச் சூளைக் கழிவு அங்கே மண்ணுக்கடியில் மேடு மேடாகக் கிடக்கிறது. அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு முழுக் குடுவை, அடி விளிம்பை விரலால் கிள்ளிக் கிள்ளி அலைபோல் வளைத்தது. அதற்காக அவன் சேகரிப்பு அலமாரியின் நடுத்தட்டை மனைவி மார்கா காலியாக விட்டிருந்தாள். அவள் இறந்தபின் வீட்டில் காலி இடத்துக்குக் குறைவில்லை.

ஆறு வருடம் தோட்டத்தைத் தோண்டினான். ஓர் ஓடுகூட இல்லை. குயவர்கள் கழிவையெல்லாம் பக்கத்துத் தோட்டத்தில் கொட்டியிருந்தார்கள். அது இர்மாவுடையது. டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள். பானை ஓடுகளை உருளைக்கிழங்கின் எதிரியாகப் பார்ப்பவள்.

போன அக்டோபரில் தெருக்காரர்கள் கூடி பீர் குடித்தபோது அவள் கேட்டாள். “அந்தப் பானைல அப்படி என்னதான் இருக்கு, புரொபசரே?”

அவன் பள்ளிக்கூட வாத்தியார்தான். முக்கால் மணி நேரம் சொன்னான்.

“அவ்வளவு சூட்டுல வெந்தது. ஒரு சொட்டு ஒழுகாது, இர்மா.”

“ஒரு சொட்டு கூடவா?”

“ஒரு சொட்டு கூட.”

அவன் பேச்சை யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

ஏப்ரலில் அவள் வேலிக்கு மேல் ஒரு குடுவையை நீட்டினாள். சாம்பல் வெள்ளை. கீறல்கூட இல்லை. அடியில் அலை. உள்ளே புதினாச் செடி.

“கெழங்கு போடத் தோண்டினேன், வந்துச்சு. உங்களுக்குத்தான்.”

சேகரிப்பவன் கை முதலில் செய்வதை லோதரின் கை செய்தது. அடியைப் பார்க்கக் குடுவையைக் கவிழ்த்தான். மண் செருப்பில் கொட்டியது. அடியின் நடுவில் விரல் பருமனுக்கு ஓர் ஓட்டை, மிகச் சுத்தமாக.

“ஏன் இர்மா?”

“நீங்கதானே ஒழுகாதுன்னீங்க. தண்ணி நின்னா வேர் அழுகிடாதா? ஓட்டை போட மூணு டிரில் பிட் போச்சு. நீங்க சொன்னது ஒரு வார்த்தை பொய்யில்ல.”

“உடைஞ்சிருந்தாலாவது ஒட்டியிருப்பேன்.”

“அதான் உடையாமப் பாத்துப் பாத்துப் போட்டேன்.”

அவன் நன்றி சொன்னான்.

அலமாரியில் அவன் விலைக்கு வாங்கிச் சேர்த்திருந்தவையெல்லாம் சூளையில் கோணிப்போய், குயவனே எறிந்தவை. அவற்றில் ஒன்றும் ஒழுகாது. புதினாவை மறுபடி குடுவையில் நட்டு நடுத்தட்டில் வைத்தான். செடிக்கு வெளிச்சம் வேண்டும் என்று இர்மா சொல்லியிருந்ததால் கண்ணாடிக் கதவைக் கழற்றினான். தண்ணீர் ஊற்றினான். பிறகு மார்காவின் காபி சாஸர் ஒன்றை எடுத்துவந்து அடியில் வைத்தான்.