குளிரில் தூங்கிய அணுக்கள்

ஃப்ரீசர் வீல் வீலென்று அலறியது. யாரோ கதவை அரைகுறையாகச் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே இருக்கும் பற்றவைப்புப் பசை கெட்டுவிடுமே என்று ஓடிவந்த தரச் சோதனை இன்ஜினியர், அப்படியே நின்றுவிட்டாள். பசை டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு தட்டு. அதில் அவள் கையால் ஒட்டிய சிவப்புச் சீட்டு. சோதனைக்காக வாரக்கணக்கில் சூட்டடுப்பில் கிடக்க வேண்டிய சர்க்யூட்டுகள் பனி பூத்துக் கிடந்தன.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூச்சு மெஷினுக்குள் போகும் சர்க்யூட் அது; வீட்டில் அவள் அப்பாவின் கட்டிலோரம் ஓடுவது மாதிரி மெஷின். செம்பும் வெள்ளீயமும் ஒட்டும் இடம் வெறும் கண்ணுக்கு ஒரு கோடு. ஆனால் சூடு ஏற ஏற, செம்பின் அணுக்கள் அந்தக் கோட்டைத் தாண்டி வெள்ளீயத்துக்குள் நுழைந்துவிடும். அவை விட்டுப்போன காலியிடங்கள் சேர்ந்து பொடி ஓட்டைகளாகும். ஒரு நாள் ஒட்டு பிளந்துகொள்ளும். அதைத் தடுக்கத்தான் நடுவில் வேலியாக ஒரு நிக்கல் பூச்சு. வேலி மெலிந்தால் அடுப்புச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். குளிரில் அணு எங்கே நகரும்?

முன்பு ஒருமுறை மருத்துவமனை திருப்பியனுப்பிய சர்க்யூட்டை வெட்டிப் பார்த்தபோது, அந்த ஒட்டு செல்லரித்த பலகை மாதிரி இருந்தது. அடுப்பிலிருந்து வந்ததாகக் கொடுத்த சோதனைத் துண்டிலோ ஒரு பொத்தல்கூட இல்லை. “மெஷினைக் கீழே போட்டிருப்பாங்க” என்று மீட்டிங்கில் சிரித்தார்கள். அவளும் சரக்கு நல்லது என்று கையெழுத்துப் போட்டுத் தொலைத்தாள்.

தட்டோடு விடுவிடுவென்று லாரி மேடைக்குப் போனாள். தயாரிப்பு மேனேஜரான அவள் அக்கா புருஷன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

“அத்தான், இதை ஃப்ரீசர்ல வச்சது யாரு?”

அவர் தட்டைப் பார்த்தார். பதறவில்லை. “மெல்லப் பேசு. ஆளுங்க இருக்காங்க.”

“நிக்கலை எவ்வளவு குறைச்சீங்க?”

“கொஞ்சம்தான். மேலிடத்துல அவசரம். நான் என்ன பண்றது?”

“லாரியை நிறுத்துங்க.”

“வீட்டுல கோவிச்சுக்கற மாதிரி இங்க கோவிச்சுக்காதே. இது ஆபீஸ்.”

“என் கையெழுத்தை நம்பி ஆஸ்பத்திரியில மாட்டுவாங்க, அத்தான். ராத்திரி பகலா சூட்டுல ஓடற மெஷின். மூச்சு நின்னா யாரு பதில் சொல்றது?”

அவள் டிரைவரிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். அத்தான் அவள் தோளைத் தொட்டு, சமாதானப்படுத்தும் குரலில் சொன்னார்:

“இதுக்கா இவ்வளவு பயம்? உங்கப்பா கட்டில் பக்கத்துல இருக்கறது நம்ம சர்க்யூட் போட்ட மெஷின் இல்லம்மா. நான்தானே பார்த்துப் பார்த்து வேற கம்பெனிதா வாங்கிக் கொடுத்தேன்.”