பாதியில் நின்ற குழாய்

மார்செல் குழாயைத் திருகினாள். புஸ்ஸென்று காற்று வந்தது, தண்ணீர் வரவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பியவர்கள் அவளுக்குப் பின்னால் கைகளை உடம்பில் படாமல் வைத்துக்கொண்டு நின்றார்கள். கை கழுவாமல் யாரும் உள்ளே போக முடியாது. இஸ்ரேலின் பாலைவன ஊரான டிமோனாவில் சாயங்கால வெயில் இன்னும் தணியவில்லை.

“பாத்தியா, போறப்பவும் எவனையும் லேசுல வீட்டுக்குள்ள விடமாட்டேங்கிறாரு உங்கப்பா,” என்றாள் அம்மா ஹபீபா. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

காலையில் அப்பா ஹெஸ்கேல் ரிசர்வ் படைப் பணிக்குக் கிளம்பி, சீருடையோடு நின்றிருந்தார். கித்தான் பை வாசலில் இருந்தது. மாடி வீட்டு ரோசிக்கா படியில் நின்று, சமையலறையில் தண்ணீர் ஒழுகுகிறது என்று கூப்பிட்டாள். ருமேனியாவிலிருந்து வந்த தனிக்கட்டை. பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று அவர் மேலே போனார். கட்டடம் முழுவதற்குமான வால்வை அடைத்துவிட்டு, துருப்பிடித்த குழாயைக் கழற்றினார். புதியதை மாட்டுவதற்குள் அங்கேயே சாய்ந்துவிட்டார். இப்போது கீழே வால்வைத் திறந்தால் ரோசிக்காவின் வீடு வெள்ளக்காடாகிவிடும்.

“பக்கத்துக் கட்டடத்துல கழுவிக்கலாம், வாங்க,” என்றார் அப்பாவின் அண்ணன் சியோன். “நாளைக்கு நகராட்சி ஆளு வருவான்.”

“எங்கப்பாவோட வாசல்ல நின்னுக்கிட்டு அடுத்த கட்டடத்துத் தண்ணியா, பெரியப்பா?”

“வேற என்ன செய்யச் சொல்ற?”

“நான் போய் மாட்டிட்டு வரேன்.”

“அறிவிருக்கா? சட்டையைக் கிழிச்சுத் துக்கம் ஏத்துக்கிட்டவ நீ. ஏழு நாளும் வேலையில கை வைக்கக் கூடாது. அதுவும் அவ வீட்லயா! பஸ்ஸுக்குக் கிளம்பின மனுஷனக் கூப்பிட்டுக் கொன்னவ!”

“ஓசி வேலைன்னா விடுவாளா?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

மாடி ஜன்னலில் திரைச்சீலை அசைந்து நின்றது.

மார்செல் திரும்பினாள். “அவங்க கூப்பிட்டாங்க, அவரு போனாரு. கூப்பிட்டா போறவருங்கிறதுனாலதான இத்தன பேரு இங்க நிக்கிறீங்க?”

சீருடையில் வந்திருந்த கிதோன், அப்பாவோடு ரிசர்வ் பணிக்குப் போகிறவர், தொண்டையைச் செருமினார். “முகாம்ல ஒருதடவ, ஆபீசருங்க குளியலறைய முதல்ல சரிபண்ணுன்னு மேஜர் சொன்னாரு. இந்தாளு கேக்கலையே! ‘தண்ணிக்குப் பதவி தெரியாது மேஜர், காவல் முடிஞ்சு வர்ற பசங்க முதல்ல குளிக்கட்டும்’னுட்டாரு. லீவு போச்சு. அதுக்கும் சிரிச்சாரு.”

அப்பா அப்படித்தான். பாக்தாத்தில் ஜவுளிக்கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தவர். இங்கே குடியேற வந்த யூதர்களோடு விமானத்திலிருந்து இறங்கியதும் உடம்பெல்லாம் பூச்சிமருந்து அடித்துக் கூடார முகாமில் தள்ளினார்கள். அங்கிருந்த ஒரே குழாயும் அடைத்துக்கொண்டபோது, பேர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார் அதிகாரி. ஹெஸ்கேல் காத்திருக்கவில்லை. இரவல் ரெஞ்சு வாங்கித் தானே பிரித்தார். அதுவே தொழிலாகிவிட்டது.

“நீங்க வால்வுகிட்ட நில்லுங்க கிதோன். நான் குரல் கொடுத்ததும் திறங்க.”

“வேலை கூடாதுங்கிறேன்!” பெரியப்பாவின் குரல் உடைந்தது.

“இது என் வேலை இல்ல பெரியப்பா. அவரு ஆரம்பிச்சது. கை கழுவத் தண்ணி விட்டா கடவுள் கோச்சுக்குவாரா?”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா மகளின் கால்களைப் பார்த்தாள். துக்கத்துக்காக மார்செல் தோல் செருப்பைக் கழற்றிவிட்டுத் துணிச் செருப்பு போட்டிருந்தாள்.

“மேல தரை ஈரமா இருக்கும். வழுக்கும், பாத்துப் போ.”

ரோசிக்கா கதவைத் திறந்தாள். சமையலறையில் எதையும் அவள் நகர்த்தவில்லை. ரெஞ்சு, தொப்பி, அவர் தலைக்கு அவள் வைத்த பூப்போட்ட தலையணை, எல்லாம் தரையில் கிடந்தன.

“நான்தாம்மா கூப்பிட்டேன்.”

“தெரியும். இந்த டார்ச்சப் பிடிங்க. அப்பாவுக்கு நான்தான் பிடிப்பேன். இன்னைக்கு நீங்க பிடிங்க.”

புதிய குழாயின் மரையில், ஒழுகாமலிருக்க, அப்பா பாதி வரைக்கும் சணல் சுற்றியிருந்தார். மார்செல் அதைப் பிரிக்கவில்லை. அவர் விட்ட இழையைப் பிடித்து, அதே இறுக்கத்தில் மீதியைச் சுற்றினாள். பொருத்தி, ரெஞ்சில் முழுப் பலத்தையும் போட்டாள்.

“திறங்க!”

சுவருக்குள் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. அவள் இணைப்பை விரலால் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. கீழே வாசல் குழாய் இருமியது, பிறகு கொட்டியது.

ரோசிக்காவின் அடுப்பில் ஒரு வெறும் பாத்திரம் இருந்தது. பக்கத்தில் முட்டைகள். துக்க வீட்டார் உண்ணும் முதல் வாய் அவித்த முட்டையாக, அக்கம்பக்கத்தார் கையிலிருந்து வர வேண்டும்.

“அவிக்கத் தண்ணி இல்ல,” என்றாள் ரோசிக்கா. “நான் கொண்டுவந்தா மட்டும் யாரு தொடுவாங்க?”

“அவியுங்க,” என்றாள் மார்செல்.

கை கழுவியவர்கள் கீழே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கம்பக்கத்துத் தட்டுகள் மேசையில் மூடியே இருந்தன. மார்செல் எதையும் தொடாமல் தாழ்ந்த முக்காலியில் காத்திருந்தாள். திறந்து வைத்திருந்த கதவருகே, பாத்திரத்தைத் துணியால் பிடித்தபடி ரோசிக்கா வந்து நின்றாள்.

“இங்க கொண்டாங்க,” என்று மார்செல் கையை நீட்டினாள். கழுவியும் போகாத ரெஞ்சின் கறை விரல்களில் இன்னும் இருந்தது.

ரோசிக்கா அசையவில்லை. அவளுக்கு முன்னால், வழியை அடைத்துக்கொண்டு அப்பாவின் கித்தான் பை கிடந்தது. காலையிலிருந்து அதை யாரும் தொடவில்லை, சுற்றிக்கொண்டே போய்வந்தார்கள்.

பெரியப்பா முக்காலியிலிருந்து எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, பையை இரண்டு கைகளாலும் தூக்கி, சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்.