இரண்டாவது பெட்டி

தகப்பன் செத்தால் சவப்பெட்டி வாங்குவது அவர் பெற்ற பிள்ளைகளின் உரிமை. மம்போங் ஊரில் வேறு எவனாவது அதில் கை வைத்தால் வெட்டுக்குத்தாகிவிடும். செத்துப்போன ஒபிரிக் கிழவரின் நான்கு பிள்ளைகளும் பொன்னிறக் கைப்பிடி வைத்த பெட்டி ஒன்றை வண்டியிலிருந்து இறக்கினார்கள். வாசலில் ஏற்கெனவே ஒரு பெட்டி கிடந்தது. பக்கத்தில் கறுப்புத் துணி போர்த்திய நெட்டை ஆள் ஒருவன்.

மூத்தவள் அச்சியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாருய்யா நீ? வீடு மாறி வந்துட்டியா?"

"இல்லக்கா. அப்பாவுக்குத்தான் கொண்டாந்தேன்."

"எவனுக்குடா அக்கா? சர்ச்சுல முன் வரிசையில உக்காந்த மனுஷன் எங்கப்பா! அவரு பேரைக் கெடுக்கவா வந்த? தூக்கு உன் பெட்டிய!"

அவன் அசையவில்லை. அச்சியா வாசற்படியில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா அவனையே ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் தங்கள் பெட்டியை உள்ளே கொண்டுபோன தம்பி டான்சோ கத்தினான். "அக்கா, அப்பா இதுல அடங்கல! காலு வெளிய நிக்குது!"

அளவெடுக்க நால்வருக்குமே தோன்றவில்லை. அவர்கள் அம்மாவைப் போல் குள்ளம். அப்பாவின் உயரம் தினமும் பார்த்த கண்ணுக்கு உறைக்காமலே போயிருந்தது.

வேறு வழியில்லாமல் அந்த நெட்டை ஆள் கொண்டுவந்த பெட்டியில் அப்பாவைக் கிடத்தினார்கள். உச்சி முதல் பாதம் வரை கச்சிதமாக இருந்தது.

அச்சியா அவனிடம் வந்தாள். "அப்பாவ எப்பப் பாத்த? அளவு எப்படித் தெரிஞ்சுது?"

"பாத்ததே இல்லக்கா. நான் அப்படியே அப்பா உயரம்னு எங்கம்மா சொல்லும். ஆசாரி அளவு கேட்டாரு. நான் படுத்துக் காமிச்சேன்."